எங்கள் வீட்டு மோட்டாரும் ஓர் ஆல்பமும்

எங்கள் வீட்டில் மோட்டார் கீழே, வாசலில் தரைத்தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் சுவிட்ச் மாடியில் இருக்கிறது. வீடு கட்டும்போது என் வீட்டுக்காரர் யோசித்துச் செய்த வேலை. மேல்தொட்டி நிறைகிற சத்தம் மாடியில் இருப்பவனுக்குத்தான் கேட்கும், கேட்கிறவன் கையெட்டும் தூரத்தில் சுவிட்ச் இருந்தால்தான் உடனே நிறுத்துவான் என்று வயரிங் ஆளிடம் சொல்லி, படி முடிகிற இடத்தில், மாடி அறைக் கதவையொட்டி வைக்கச் சொல்லிவிட்டார். நல்ல யோசனைதான், மாடியில் நாங்கள் இருந்திருந்தால். அறையை வாடகைக்கு விட்டதும் எங்கள் தண்ணீர் அடுத்தவர்கள் கைக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது படியடியில் நின்று மேலே பார்த்துக் கேட்பது ஒன்றுதான்.

"மோட்டார் நிப்பாட்டியாச்சா?"

திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குத் தினமும் தண்ணீர் வராது. வருகிற அன்றைக்குத் தரைத்தொட்டியை நிரப்பி, அதிலிருந்து மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். நிறுத்த மறந்தால் மேல்தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கும். அப்போதும் யாரும் கவனிக்காவிட்டால் கீழே தொட்டி வற்றி, மோட்டார் வெறுமனே ஓடி உள்ளே காயில் கம்பி கருகும். ஒரு தடவை கருகியிருக்கிறது. அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

நான் பயந்த சுபாவம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் கூட அதுதான் காரணம். பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். நடிப்பு இல்லை, தொட்டால் சுடும். ஒவ்வொரு பரீட்சைக்கும் இதே கதை என்றானதும், "இவ உசுரோட இருந்தாப் போதும்" என்று அம்மா தையல் பழக அனுப்பிவிட்டார். இன்றைக்கும் வீட்டில் இருந்தபடி ரவிக்கை தைக்கிறேன். வீட்டுக்காரர் சிறுமலைக்கு வாழைத்தார் ஏற்றப் போகிற சின்ன லாரி ஓட்டுகிறார். அவர் மலை இறங்குகிற நேரத்தில் நான் முக்கியமான துணியில் கத்தரி வைக்க மாட்டேன். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவேன். அங்கிருந்து திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன்.

"திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டுப் பூட்ட நம்பாதவ நீ ஒருத்திதான்டி" என்பார் அவர்.

இப்படிப்பட்டவள் வீட்டு மாடிக்கு ஒரு ராக் பேண்டு குடிவந்தது.

தனிப் பையன்களுக்கு வீடு கொடுப்பதில்லை என்பது எங்கள் தெருவில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் மூன்று பேரில் டிரம்ஸ் அடிக்கிற தம்பியின் வாப்பா பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அந்தக் கடையில் பல வருடமாகச் சாப்பிடுகிறவர். "அந்த மனுசன் மகன் தப்பா இருக்க மாட்டான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார். பையன்கள் வீடு பார்க்க வந்த அன்றைக்கு நான்தான் விசாரணை.

"என்ன தொழில் தம்பி?"

"பேண்டு வச்சிருக்கோம்க்கா."

"கல்யாணத்துக்கு வாசிப்பீங்களா, சாவுக்கா?"

பேஸ் கித்தார் வாசிக்கிற தம்பி ஒட்டன்சத்திரத்துப் பக்கம். அவன்தான் பணிவாகச் சொன்னான். "ரெண்டுக்குமே கூப்பிட மாட்டாங்கங்க அக்கா."

மூன்றாவது ஆள் பாடுகிற தம்பி. சேவுகம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். அதிகம் பேசவில்லை. படியில் செருப்போடு ஏறக்கூடாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது, மோட்டாரை மறக்கக்கூடாது என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே வந்தவன், மோட்டார் என்றதும் மட்டும் போய் அந்தச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தான். "இதுதானாக்கா?" என்றான். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

பிரியாணிக் கடையிலிருந்து முட்டை அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அறைச் சுவர் முழுக்க ஒட்டினார்கள். சத்தம் வெளியே போகாதாம். வெளியே போகவில்லை என்பது ஓரளவு உண்மை. ஆனால் வெளிச் சத்தமும் உள்ளே போகவில்லை. தொட்டி நிறைவது அவர்களுக்குக் கேட்காது. தொட்டி நிறைவது கேட்க வேண்டும் என்றுதானே சுவிட்சே அங்கே இருக்கிறது? ஆகவே தண்ணீர் ஏற்றுகிற நாளெல்லாம் நான் தைத்துக்கொண்டிருப்பதைப் போட்டுவிட்டுப் படியடிக்கு வந்து கத்துவேன். டிரம்ஸ் நிற்கும்.

"ஆச்சுக்கா!"

"நெசமாவா?"

"நெசமாக்கா!"

"போய்ப் பாத்தியா?"

கதவு திறக்கும். பெரும்பாலும் பாடுகிற தம்பிதான் வருவான். சுவிட்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் வழியாகக் குனிந்து பார்ப்பான். "இந்தா பாருங்க, கைய வச்சே காட்டுறேன். போதுமா?" போதும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் போய்விடுவேன். சில வருடங்கள் இப்படியே ஓடின. அவர்கள் பாட்டு எனக்குப் புரிந்ததா என்று கேட்டால், அடி வயிற்றில் ஏதோ செய்யும், அவ்வளவுதான். பேச்சு வளர்ந்த ஒரு நாள் பாடுகிற தம்பியிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "அம்மா இல்லக்கா. நான் எட்டாப்புப் படிக்கும்போது போயிருச்சு" என்றான். மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டு அவன் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம்.

பிறகு சென்னையில் இடம் கிடைத்துப் போனார்கள். ஒரு பெரிய ஸ்பீக்கரையும் சில ஒயர்களையும் மட்டும் "அப்புறம் வந்து எடுத்துக்கிறோம்க்கா" என்று மாடியில் விட்டிருந்தார்கள். ஆல்பம் போட்டிருக்கிறார்கள் என்பதை என் மகள்தான் வந்து சொன்னாள். கல்லூரியிலிருந்து வந்தவள் பையைக் கூட இறக்கவில்லை.

"ம்மா, இங்க பாரு. பேரப் பாரு."

போனில் வெள்ளை அட்டை. அதில் கறுப்புக் கோட்டில் ஒரு மாடிப்படி. வீடு இல்லை, வெறும் படி மட்டும் மேலே போகிறது. அதன் கீழே எழுதியிருந்தது: மோட்டார் நிப்பாட்டியாச்சா.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். பையன்கள் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள். ஊர் உலகமெல்லாம் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் ஊர் உலகத்துக்கு என்னைத் தெரியவில்லை. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்திருந்தது, சென்னை, கோயம்புத்தூர், மலேசியாவில்கூட. போனில் ஒரு குரூப் வைத்து அதில் ராப்பகலாக இதே பேச்சு. என் மகளும் அதில் இருந்தாள். நான் கொக்கி தைக்க உட்கார்ந்தால் அவள் படித்துக் காட்டுவாள்.

"ம்மா, ஒருத்தன் எழுதியிருக்கான். மோட்டார்னா இதயமாம். காதலி விட்டுட்டுப் போறாளாம். போகும்போது திரும்பிப் பாத்துக் கேக்குறாளாம், நிப்பாட்டியாச்சான்னு."

"ஏன்டி, அந்தத் தம்பிக்கு நெஞ்சுல ஏதும் கோளாறா?"

"கடவுளே! அது உவமைம்மா."

"ஒரு எட்டு டாக்டர்ட்டக் காட்டச் சொல்லு."

இன்னொருவர் மூடிப்போன நூல் மில்களைச் சொல்லியிருந்தார். திண்டுக்கல் பையன்கள், அவர்களைச் சுற்றி ஒவ்வொரு மில்லாக நின்றுபோனது, அந்தக் கோபம்தான் தலைப்பு என்று. என் அண்ணன் மில்லில் வேலை பார்த்தவர். அதைக் கேட்டபோது எனக்கே அதுதான் சரி என்று பட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். வேறொரு பையன் தலைப்பின் எழுத்துகளை எண்ணியிருந்தான். எழுத்து பன்னிரண்டு, பாட்டு பதினொன்று, ஆகவே ஒரு பாட்டை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அவன் கட்சி. அதைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் எல்லாப் பாட்டையும் தலைகீழாக ஓட்டிக் கேட்டதாம்.

"தலைகீழா ஓட்டுனா என்னடி கேக்கும்?"

"கழுதை கத்துற மாதிரி கேக்குதும்மா. ஆனா சில பேருக்கு அதுலயும் அர்த்தம் கேட்டிருக்கு."

பேண்டுக்காரர்கள் வாயே திறக்கவில்லை. யார் என்ன கேட்டாலும் ஒரு மாடிப்படி படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் ஆல்பத்தை ஒரு மத்தியானம் முழுதாகக் கேட்டேன், மகள் காதில் மாட்டிவிட்டாள். முதல் பாட்டு ஒரு முனகலோடு ஆரம்பிக்கிறது. கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் மோட்டார் போட்டவுடன் தண்ணீரைப் பிடிக்காது. கொஞ்ச நேரம் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகிவிட்டுத்தான் பிடிக்கும். பேரிங் மாற்றணும், மாற்றணும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதே முனகல். குரூப்பில் அதை ஏதோ வெளிநாட்டு மெஷினில் செய்த சத்தம் என்று எழுதியிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் வெட்கம் போய் வேறு ஒன்று வந்தது. அது சந்தோஷம்தான் என்று இப்போது எழுதலாம். என்னை ஒருவரும் எதற்கும் கேட்டதில்லை. என் பேச்சை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. நான் பயத்தில் கத்தின ஒரு வரியை வைத்துக்கொண்டு படித்த பிள்ளைகள் இம்புட்டு யோசிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் சுவர் வழியாகச் சொன்னேன். அவர்கள் வீட்டில் தோல் வியாபாரம். எங்கள் தொட்டி வழிந்தால் நனைகிற சுவரும் அவர்களுடையதுதான்.

"யா அல்லா, உன் கத்தல வச்சா பாட்டுப் போட்டுருக்கானுங்க? எங்க செவுத்துப் பாசிய வச்சு ஒண்ணு போடச் சொல்லும்மா" என்றார்.

என் சந்தோஷம் என் மகளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு தண்ணீர் நாளில் மாடிக்கு நிறுத்தப் போனவள், நான் கீழே நின்று வழக்கம்போல் கேட்டதை மேலேயிருந்து போனில் படம் பிடித்துவிட்டாள். நைட்டி, தோளில் துண்டு, கழுத்தில் அளவு டேப்பு, அண்ணாந்த முகம். "மோட்டார் நிப்பாட்டியாச்சா? நெசமாவா? போய்ப் பாத்தியா?" 'தலைப்பின் உண்மையான பொருள் இதோ, எங்கள் அம்மா' என்று எழுதிக் குரூப்பில் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் எனக்குக் காட்டினாள். திட்ட வாயெடுத்தேன். அதற்குள் பதில்கள் வர ஆரம்பித்துவிட்டன. அக்கா வேற லெவல் என்றார்கள். எங்க வீட்டிலும் இதே வசனம்தான் என்றார்கள். அன்றைய பொழுது முழுக்கச் சிரிப்பு. நான் புடவை மாற்றிக்கொண்டு நின்றிருக்கலாமே என்பதுதான் என் ஒரே வருத்தம்.

மறுநாள் ஒருவர் நீளமாக எழுதினார். பாடகரின் ஊர்க்காரன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பாடகரின் அம்மா சின்ன வயதிலேயே இறந்தவர், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசியாக ஒருமுறை கண் திறந்து மகனிடம், வயல் மோட்டாரை நிறுத்தியாயிற்றா என்று கேட்டார், பையன் ஆச்சும்மா என்றான், அதோடு கண் மூடிவிட்டார். அந்தத் தாயின் கடைசிச் சொல்தான் ஆல்பத்தின் பெயர், முதல் பாட்டில் கேட்பது ஆஸ்பத்திரி மெஷினின் சத்தம். 'தயவுசெய்து இதைச் சிரிப்பாக்காதீர்கள்' என்று முடித்திருந்தார்.

குரூப்பே அழுதது. சிரித்தவர்களெல்லாம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'செத்துப்போன ஒரு அம்மாவின் வார்த்தையை வீட்டுக்கார அம்மா தன் பேருக்கு எழுதிக்கொள்கிறார்.' என் மகள் படத்தை எடுத்துவிட்டாள். ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது.

அது உண்மையாக இருக்கும் என்று எனக்கு உடனே பட்டது. விவசாயக் குடும்பம். வயலுக்கு மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது. சாகிற நேரத்திலும் அந்தக் கவலை இருக்கத்தானே செய்யும்? எனக்கே இருக்கும். முனகல் சத்தம் எங்கள் மோட்டாருடையது என்று என் காதில் விழுந்ததையும் நம்ப முடியவில்லை. ஆசைப்பட்டால் காதும் பொய் சொல்லும்.

படம் போனது கூட இரண்டாவது கவலை. முதல் கவலை வேறு. அந்தப் பையன் வீடு பார்க்க வந்த அன்றைக்குச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தானே, அதை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தண்ணீர் நாளும் நான் படியடியில் நின்று அவன் அம்மாவின் கடைசிச் சொல்லைச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். அவன் ஆச்சுக்கா என்று சொல்லியிருக்கிறான். அதோடு விட்டேனா? நெசமாவா, போய்ப் பாத்தியா என்று கேட்டிருக்கிறேன். அவன் கதவைத் திறந்து வந்து கையை வைத்துக் காட்டியிருக்கிறான். இப்போது அதையே ஊருக்குக் காட்டிச் சிரிக்கவும் வைத்துவிட்டோம். இனி அவன் இந்த வாசலை மிதிப்பானா?

கேட்பதை நிறுத்தினேன். தண்ணீர் ஏறினால் நானே மாடியில் போய்ச் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். மகள் என் முகத்தைப் பார்க்காமல் திரிந்தாள். வீட்டுக்காரருக்குத்தான் தாங்கவில்லை.

"என்னடி இது, வீடு மாதிரியே இல்ல. என்னையாவது கேளு, பிரேக்கப் பாத்தியா, டயரப் பாத்தியான்னு."

"பாத்தீங்களா?"

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்தார்.

பையனுக்குப் போன் செய்யலாம் என்று எடுப்பேன், வைத்துவிடுவேன். கடைசியில் அவனே செய்தான். "அக்கா, ஸ்பீக்கர எடுக்க ஞாயித்துக்கெழம வாரேன். வீட்ல இருப்பீங்கல்ல?" வேறு ஒன்றும் சொல்லவில்லை. குரலில் கோபம் இருந்ததா என்று அந்த ஒரு வரியை மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு விதத்திலும் ஒவ்வொன்றாகக் கேட்டது. குரூப்பில் இருக்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன வெஞ்சனம் வைப்பது என்பதில் இரண்டு நாள் போயிற்று. கறி எடுத்தால் சமாதானம் பண்ணுவதுபோல இருக்கும், எடுக்காவிட்டால் மதிக்காததுபோல இருக்கும். சாம்பாரும் சேனைக்கிழங்கு வறுவலும் வைத்தேன். அன்றைக்கென்று காலையில் குழாயில் தண்ணீரும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் மலைக்குப் போயிருந்தார். மகள் சிநேகிதி வீட்டில்.

தம்பி வந்தான். முடி வளர்த்திருந்தான், மற்றபடி அதே ஆள். படியில் செருப்பைக் கழற்றினான். தரைத்தொட்டி நிறைந்துவிட்டதால், "மேல போறப்ப அப்புடியே மோட்டாரப் போட்டு விட்டுரு தம்பி" என்றேன். போட்டான். கீழே அது முனகிப் பிறகு பிடித்தது. அவன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு இறங்கி வாசலில் வைத்தான். கை கழுவி வந்து, உள்ளே கூப்பிட்டும் வராமல், படியடியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டான். நான் எதிரே முக்காலியில் உட்கார்ந்தேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா. நீங்க கேக்காம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். குரூப், மகள் போட்ட படம், ஊர்க்காரர் எழுதியது, ஆஸ்பத்திரி, வயல் மோட்டார், இவ்வளவு வருடம் நான் தெரியாமல் கத்தியது. மன்னிச்சுக்க தம்பி என்று முடித்தேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எந்த வயலுக்கா?" என்றான்.

"உங்க வயலு."

"எங்களுக்கு வயலே கெடையாதுக்கா. எங்கம்மா நெலக்கோட்டப் பக்கம் அடுத்தவுக தோட்டத்துல மல்லிப்பூ பறிக்கப் போகும். இருட்டோட போயி வெயிலு ஏற வரும். வந்த கையோட தெருக்கொழாயில கொடத்த வைக்கும். எங்க வீட்ல தண்ணின்னா கொடம், அம்புட்டுத்தான். மோட்டாருன்னு ஒண்ண நான் தொட்டதே இந்த வீட்டுக்கு வந்துதான்."

"அப்ப அம்மா கடைசியா…"

"கடைசியா ஒண்ணும் சொல்லலக்கா. நான் ஸ்கூல்ல இருந்தேன். வந்து கூட்டிட்டுப் போனாக."

கொஞ்சம் சாம்பார் ஊற்றினேன். போதும் என்று கையைக் காட்டினான்.

"பொய்யின்னு எழுதிருக்கலாமே தம்பி? ஊரே நம்புது."

"எழுதலாம்னுதான் உக்காந்தேன். என்னன்னு எழுதுறது? எங்கம்மா ஒண்ணுமே சொல்லாமப் போயிருச்சுன்னா? அதுக்கு அந்த ஆளு எழுதுனது நல்லாத்தானக்கா இருக்கு. எங்கம்மா கண்ணத் தொறக்குது, எங்கிட்டப் பேசுது, நான் பதில் சொல்றேன். ரெண்டு தடவ படிச்சேன். எழுதுனது யாரு எவருன்னு தெரியல. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் கேட்காமல் இருக்க எனக்கு வராது.

"அப்ப அந்தப் பேரு?"

"அது உங்களுதுதான். வேற யாருது? பேரு வைக்க மூணு பேருக்கும் பெரிய சண்ட. இவன் ஒண்ணு சொல்வான், அவன் ஒண்ணு சொல்வான். ஒட்டன்சத்திரத்தான்தான் சும்மா இருந்துட்டு, 'ஏனுங்க, அக்கா கேக்குறதையே வெச்சுப்போடலாமுங்க'ன்னான். அதுக்கப்பறம் ஒருத்தனும் பேசல. மொதப் பாட்டுல வர்றது உங்க மோட்டார்தான். அவன் போன்ல எடுத்து வச்சிருந்தான்."

"நான் நெனச்சேன்! பேரிங் சத்தம்!"

"பேரிங்க மாத்திராதீங்கக்கா. அடுத்த ஆல்பத்துக்கு வேணும்."

"சரி, என்ன அர்த்தத்துல வச்சீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டான். "நீங்களும் அந்தக் குரூப்புல சேந்துட்டீங்களா? சென்னைல நாங்க இருக்குற எடத்துல தொட்டி நெறஞ்சா மோட்டார் தானா நின்னுக்கிரும். யாரும் யாரையும் கேக்குறதில்ல. வேலை என்னமோ ஒழுங்கா நடக்குது…"

அதற்கு மேல் அவன் என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது.

"ஏம்மா! மோட்டார் நிப்பாட்டியாச்சா இல்லையா? செவுத்துல அருவியா ஊத்துது! குத்தாலத்துக்கே போக வேணாம் போல!"

இரண்டு பேரும் மேலே பார்த்தோம். தொட்டியிலிருந்து எங்கள் பக்கம் இறங்குகிற வழிகுழாயிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கொட்டுகிறதோ தெரியாது. அவன் தட்டை என் கையில் திணித்துவிட்டு, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் பாய்ந்தான். மோட்டார் நின்றது. நான் தட்டோடு நின்றேன். பையன்கள் குடிவந்த நாளிலிருந்து நான் கேட்க மறந்தது அன்றைக்குத்தான்.

மேலேயிருந்து குரல் வந்தது. "ஆச்சுக்கா!"

"நெசமாவா?" என்று கேட்டது என் வாய்தான்.

கைப்பிடிச் சுவர் மேல் தலை தெரிந்தது. இடது கை சுவிட்சில் இருந்தது.

அவன் ஆட்டோவில் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு போன பிறகு மகள் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் உடனே போனை எடுத்தாள். "அப்ப நாமதான் கரெக்ட்டு! இப்பவே எழுதுறேன். அந்தப் பொம்பள என்ன சொன்னா உன்னைய?"

"எழுதாத."

"ஏம்மா? உன் பேரு கெட்டிருக்கும்மா."

"அவன் ரெண்டு தடவ படிச்சானாம்டி."

போனைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரிக் கதை குரூப்பில் அப்படியே நின்றுவிட்டது. அதை ஒட்டி ஒரு பையன் அந்த அம்மாவைப் படமாக வரைந்திருந்தான். தலைநிறைய மல்லிகை வைத்து, வயல் வரப்பில் நிற்பதுபோல. அழகாகத்தான் இருந்தது. பறித்த பூவை அவர் தலையில் வைத்திருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம், அதையும் எழுதச் சொல்லவில்லை.

இதை எழுதட்டுமா என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். எழுதலாமா, வேண்டாமா என்று நாலு நாள் கவலைப்பட்டுவிட்டுத்தான் கேட்டேன். "புஸ்தகத்துல தானக்கா? தாராளமா எழுதுங்க. எங்க ஆளுங்க அதெல்லாம் படிக்க மாட்டாங்க" என்றான்.

மகளுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. நேற்றுக்கூடத் தண்ணீர் ஏறும்போது, சுவிட்சில் கை வைத்துக்கொண்டு மேலேயிருந்து கேட்டாள். "அப்ப இது உன்னோடதுதான்னு ஒருத்தருக்குமே தெரியாமப் போயிருமாம்மா?"

"பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும்டி" என்றேன். "நிப்பாட்டிட்டியா?"